120 மீட்டர் தள்ளி மோட்டார், உறுமிவிட்டு நிற்கிறது: ஸ்டெபிலைசரா, கேபிளா?

#1 கிணற்றடி

வணக்கம் நண்பர்களே. மெயின் போர்டிலிருந்து கிணற்று மோட்டாருக்கு 120 மீட்டர். மண்ணுக்கடியில் பைப் போட்டு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர், மூன்று கோர் கேபிள் போகிறது. மோட்டார் 2 எச்பி, சிங்கிள் பேஸ், கெப்பாசிட்டர் ஸ்டார்ட். போர்டில் 16 ஆம்பியர், சி வகை எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்).

சுவிட்சைப் போட்டால் சில நேரம் ஒழுங்காக எடுக்கிறது. சில நேரம் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டே நிற்கிறது; அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஓடும். ஓடும்போது கொட்டகை விளக்கு மங்குகிறது. கெப்பாசிட்டர் புதிதாக மாற்றியாயிற்று, பலனில்லை. வந்து பார்த்தவர் "வோல்டேஜ் பத்தலை, மோட்டார் பக்கத்துல ஒரு ஸ்டெபிலைசர் போட்டுடுங்க" என்கிறார். கேபிளைச் சந்தேகப்படலாமா என்றால், அட்டவணையில் 2.5 ஸ்கொயர் 20 ஆம்பியருக்கு மேல் தாங்கும் என்று இருக்கிறது. மோட்டார் பெயர்ப்பலகையில் 11 ஆம்பியர்தான். பிறகு எங்கேதான் கோளாறு?

#2 டெஸ்டர்

அட்டவணை சொல்வது கேபிள் சூடாகிக் கருகாமல் இருக்குமா என்பதை மட்டும்தான். மறுமுனையில் எத்தனை வோல்ட் மிஞ்சும் என்று அது சொல்லாது. 10 மீட்டருக்கும் அதே 20 ஆம்பியர், 300 மீட்டருக்கும் அதே 20 ஆம்பியர்.

அளவு எடுத்தீர்களா? மோட்டார் ஓடாமல் எடுத்த அளவு வேண்டாம். கரண்ட் போகாத கம்பியில் வோல்டேஜ் வீழ்ச்சியே கிடையாது; எவ்வளவு மோசமான லைனிலும் மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டிவிடும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது போர்டிலும் மோட்டார் டெர்மினலிலும் எடுங்கள். கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளப்பது) கிடைத்தால் ஆம்பியரும்.

#3 கிணற்றடி

எடுத்துவிட்டேன். போர்டில், மோட்டார் அணைந்திருக்கும்போது 233 வோல்ட், ஓடும்போது 228. மோட்டார் டெர்மினலில் ஓடும்போது 201. கிளாம்ப் 11.5 ஆம்பியர் காட்டியது.

#4 மின்கணக்கு

நல்ல அளவுகள், இதை வைத்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

2.5 ஸ்கொயர் காப்பருக்கு 20 டிகிரி வெப்பத்தில் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். கரண்ட் பேஸில் போய் நியூட்ரலில் திரும்புகிறது, ஆகவே 120 மீட்டர் என்பது கணக்குக்கு 240 மீட்டர். (இந்த இரட்டிப்பை மறப்பவர்கள்தான் அதிகம்.) 0.24 × 7.41 = 1.78 ஓம். அதை 11.5-ஆல் பெருக்கினால் 20.5 வோல்ட். கம்பி சூடேறினால் ஓம் கூடும், டிகிரிக்கு 0.39 விழுக்காடு. உங்கள் கேபிள் 40 டிகிரியில் இருக்கிறது என்று வைத்தால் 22 வோல்ட்.

நீங்கள் அளந்ததோ 228 − 201 = 27. மிச்சம் 5 வோல்ட் கேபிளில் இல்லை. வழியில் ஜாயின்ட் இருக்கிறதா?

#5 கிணற்றடி

பாதி வழியில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் உண்டு. கேபிள் நீளம் போதாமல் அங்கே சேர்த்திருக்கிறார்கள்.

#6 டெஸ்டர்

அங்கேதான். 5 வோல்ட், 11.5 ஆம்பியர்: பெருக்கினால் 57 வாட். சோப்புப் பெட்டி அளவு பாக்ஸுக்குள் அவ்வளவு சூடு! மோட்டார் கொஞ்ச நேரம் ஓடியபின் பாக்ஸின் மேல்மூடியைப் புறங்கையால் தொட்டாலே தெரியும்.

உறுதிப்படுத்த ஒரு வழி: மோட்டார் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ஜாயின்டுக்கு இந்தப் பக்கமும், மறு முனையை அதே கம்பியில் அந்தப் பக்கமும் வையுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் இல்லை, ஒரே கம்பியின் இரண்டு பக்கம். நல்ல ஜாயின்ட் என்றால் சில பத்து மில்லிவோல்ட்தான் காட்டும். உயிருள்ள லைனில் செய்யும் வேலை என்பதால் பழக்கமில்லாவிட்டால் எலக்ட்ரீசியனை வைத்தே செய்யுங்கள். நியூட்ரல்தானே என்று அலட்சியம் வேண்டாம். அந்த ஜாயின்ட் கையில் விட்டுப் போனால் மோட்டார் பக்க நியூட்ரலில் முழு 230-ம் நிற்கும்.

#7 ஒத்தைக்கம்பி

இவ்வளவு குழப்பம் எதுக்கு? கிணற்றுப் பக்கத்தில் நல்லா ஆழமா ஒரு எர்த் ராடு அடிச்சு, நியூட்ரலை அதோட சேர்த்து விடுங்க. ரிட்டர்ன் மண்ணு வழியா போயிடும், டிராப் பாதியாகும். நிறைய இடத்துல செய்யறாங்க.

#8 நெறியாளர்

#7-ல் இருப்பதை யாரும் செய்ய வேண்டாம். பதிவை நீக்காமல் விடுவதற்குக் காரணம், இந்த யோசனை அடிக்கடி வருகிறது. பதிலும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒரு ராடுக்கு மண்ணோடு 10 ஓம் கிடைத்தாலே நல்ல எர்த். அதன் வழியாக 11 ஆம்பியர் போக 110 வோல்ட் வேண்டும். அதாவது மண் வழியே திரும்பும் பங்கு மிகச் சொற்பம், வீழ்ச்சி குறையவே குறையாது. ஆனால் என்றைக்காவது நியூட்ரல் கம்பி அறுந்தால், ராடும் அதைச் சுற்றியுள்ள மண்ணும் உயிர் பிடித்துவிடும். ஈரத்தில், வெறுங்காலோடு ஆள் நடமாடும் இடம் அது. ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) இருந்தால் அதுவும் சும்மா சும்மா விழுந்துகொண்டே இருக்கும். கடைசியில் யாரோ அதைக் கழற்றி எறிவார்கள். எர்த் கம்பி பழுது நேரத்தில் வேலை செய்யத்தான். கரண்ட் திரும்பும் வழி அது இல்லை.

#9 கிணற்றடி

எலக்ட்ரீசியனை வைத்துப் பாக்ஸைத் திறந்தோம். பேஸ் ஜாயின்டில் 0.3 வோல்ட், நியூட்ரல் ஜாயின்டில் 4.4 வோல்ட். முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி ஒட்டியிருந்தது, உள்ளே செம்பு கறுத்துப் போய் இழைகள் தொட்டாலே உதிர்ந்தன. கருத்த பகுதியை வெட்டிவிட்டு, கிரிம்ப் ஸ்லீவ் போட்டு அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவும் போட்டாயிற்று. இப்போது ஓடும்போது மோட்டாரில் 206 வருகிறது.

ஆனாலும் உறுமல் முழுசாகப் போகவில்லை. குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

#10 மின்கணக்கு

போகாது. ஓடும்போது வரும் வீழ்ச்சியை மட்டும் பார்த்தால் ஏன் என்று புரியாது, ஸ்டார்ட் ஆகும் நொடியைப் பார்க்க வேண்டும்.

நின்ற நிலையிலிருந்து கிளம்பும் மோட்டார் 5 மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் இழுக்கும். 5 மடங்கு என்றே வைப்போம்: 230 வோல்ட் கிடைத்தால் 55 ஆம்பியர். அந்த நொடியில் மோட்டார் 4.2 ஓம் மாதிரி நடந்துகொள்கிறது. அதற்கு முன்னால் தொடராக நிற்பது உங்கள் கேபிளின் 1.78 ஓம். அதற்கும் முன்னால் போர்டு வரை வரும் சப்ளையின் ஓம். அதையும் நீங்களே அளந்து கொடுத்திருக்கிறீர்கள்: 233 என்பது 228 ஆனது, 5 வோல்ட், 11.5 ஆம்பியர், ஆக 0.43 ஓம்.

எல்லாவற்றையும் கூட்டினால் 6.4 ஓம். 233-ஐ அதால் வகுத்தால் 36 ஆம்பியர்தான் ஓடும், மோட்டாருக்குக் கிடைப்பது 152 வோல்ட் வாக்கில். மோட்டாரைச் சுழற்றும் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 66 விழுக்காடு வோல்டேஜுக்கு 44 விழுக்காடு முறுக்கு. பாதிகூட இல்லை. வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள கோண வித்தியாசத்தையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் கொஞ்சம் மேலே வரும், ஆனாலும் கதை மாறாது.

#11 வைண்டிங்_கடைக்காரன்

மோட்டார் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இந்த வகை மோட்டாரில் சுமார் 75 விழுக்காடு வேகத்தைத் தொட்டதும் உள்ளே இருக்கும் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் 'டக்'கென்று விட்டு, ஸ்டார்டிங் வைண்டிங்கையும் கெப்பாசிட்டரையும் கழற்றிவிட வேண்டும். நல்ல வோல்டேஜில் ஒரு நொடிக்குள் அந்த டக் கேட்கும். வோல்டேஜ் பத்தாமல் வேகம் ஏறாவிட்டால் டக் கேட்காது, ஸ்டார்டிங் வைண்டிங் லைனிலேயே நிற்கும். சில நொடிகளுக்கென்று செய்த மெல்லிய வைண்டிங் அது. என்னிடம் எரிந்து வரும் மோட்டார்களில் மெயின் வைண்டிங் பளபளவென்று இருக்கும், ஸ்டார்டிங் மட்டும் கரியாக இருக்கும். 'மோட்டார் தரமில்லை' என்று திட்டிக்கொண்டே கொண்டுவருவார்கள். பாவம் மோட்டார்.

உறுமினால் உடனே அணைத்துவிடுங்கள். எடுக்கும் எடுக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

#12 கிணற்றடி

அப்படியானால் ஸ்டெபிலைசர் போட்டால் அந்த 152-ஐ 230 ஆக்கிவிடாதா?

#13 டெஸ்டர்

ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வோல்டேஜை ஏற்றும்போது, ஏற்றிய அதே விகிதத்தில் லைனிலிருந்து கூடுதல் ஆம்பியர் இழுக்கும். 201-ஐ 230 ஆக்கினால் உள்ளே இழுப்பது 14 விழுக்காடு கூடும். கூடிய ஆம்பியர் அதே மெல்லிய கேபிளில்தானே வர வேண்டும்? வீழ்ச்சி இன்னும் கூடும், அதைச் சரிக்கட்ட அது இன்னும் இழுக்கும். ஓடும்போது ஒருவழியாக ஒரு புள்ளியில் நிற்கும். ஸ்டார்ட்டில், உள்ளே ரிலேயோ சர்வோவோ நகர்ந்து முடிப்பதற்குள் உறுமல் ஆரம்பித்துவிடும்.

போர்டு பக்கம் போட்டு 250-க்கு ஏற்றி அனுப்பலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். மோட்டார் அணைந்திருக்கும் நேரமெல்லாம் கொட்டகை விளக்குக்கு அந்த 250 அப்படியே போகும். சப்ளையே ஏறி இறங்கும் இடத்துக்கு ஸ்டெபிலைசர் சரி. உங்கள் போர்டில்தான் 228 இருக்கிறதே!

#14 மின்கணக்கு

சரி, கேபிள் கணக்கு. இரண்டு அளவுகளைப் போட்டுப் பார்த்தேன், 120 மீட்டருக்கு.

6 ஸ்கொயர் (கிலோமீட்டருக்கு 3.08 ஓம்): போக-வர 0.74 ஓம். ஓடும்போது வீழ்ச்சி 8.5 வோல்ட், 3.7 விழுக்காடு. ஸ்டார்ட்டில் மோட்டாருக்கு 182 வோல்ட், முறுக்கு 63 விழுக்காடு.

10 ஸ்கொயர் (1.83 ஓம்): 0.44 ஓம். ஓடும்போது 5 வோல்ட், 2.2 விழுக்காடு. ஸ்டார்ட்டில் 193 வோல்ட், முறுக்கு 70 விழுக்காடு.

ஐஇசி 60364 என்ற சர்வதேச மின் தரத்தில் பரிந்துரைப்பது, சப்ளை நுழையும் இடத்திலிருந்து விளக்குகளுக்கு 3 விழுக்காடு, மற்றவற்றுக்கு 5 விழுக்காடு. அமெரிக்க விதித்தொகுப்பில் கிளைச் சுற்றுக்கு 3, மொத்தமாக 5 என்று ஒரு குறிப்பு உண்டு, அதுவும் அறிவுரைதான். உங்கள் ஊர் விதி எதுவோ அதைப் பாருங்கள், எண்கள் பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கும்.

#15 பத்துஸ்கொயர்

என் ஓட்டு 10-க்கு. பள்ளம் ஒருமுறைதான் தோண்டுவோம். நாளைக்கே 3 எச்பி போட நினைத்தால் என்ன செய்வீர்கள்?

#16 டெஸ்டர்

பெயருக்கு ஏற்ற பதில் :)

2.5-லிருந்து 6-க்குப் போனால் முறுக்கு 44-லிருந்து 63. 6-லிருந்து 10-க்குப் போனால் 63-லிருந்து 70. இரண்டாவது தாவலுக்குக் கொட்டும் செம்பு ஏறக்குறைய முதல் தாவலுக்குக் கொட்டியதற்குச் சமம், கிடைப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல். காரணம், தடிமன் கூடக் கூடக் கேபிள் ஓமில் குறைவது சிறிதாகிக்கொண்டே போகும்; போர்டுக்கு முன்னால் இருக்கும் அந்த 0.43 ஓமோ, எத்தனை தடிமனில் கேபிள் போட்டாலும் நகராது. சென்ட்ரிபியூகல் பம்புக்குக் கிளம்பும்போது பெரிய முறுக்கு தேவையில்லை, வேகம் கூடக் கூடத்தான் தண்ணீரின் சுமை ஏறும். 63 போதும். பெரிய மோட்டார் நிச்சயம் வரும் என்றால் மட்டும் 10.

#17 பத்துஸ்கொயர்

2.5-ல் ஓடும்போது மட்டுமே கேபிளில் 235 வாட் எரிகிறது, 6-ல் 98, 10-ல் 58. தினமும் மணிக்கணக்கில் ஓடும் மோட்டாருக்கு இதுவும் கணக்கில் வர வேண்டாமா? ஆண்டுக்கு வீணாகும் மின்சாரச் செலவும், கம்பியில் போட்ட முதலின் ஆண்டுச் சுமையும் சமமாகும் தடிமன்தான் சிக்கனமானது என்று விஞ்ஞானி கெல்வின் 1881-லேயே சொல்லிவிட்டார்.

#18 டெஸ்டர்

அது நியாயமான வாதம். தினமும் ஆறேழு மணி நேரம் ஓடும் என்றால் 10 பக்கம் சாயலாம். தொட்டி நிரப்ப அரை மணி நேரம் என்றால் 40 வாட் வித்தியாசத்துக்காக அவ்வளவு செம்பைப் புதைக்க மாட்டேன்.

#19 ரிலே

யாரும் எம்சிபியைப் பற்றிப் பேசவில்லையே? எனக்கு உறுமலைவிட அதுதான் கவலையாக இருக்கிறது.

கிணற்றடியில், மோட்டார் டெர்மினலில் பேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டிக்கொள்கின்றன என்று வையுங்கள். ஷார்ட் சர்க்யூட் என்றதும் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும் என்று நினைப்போம். இந்த லைனில் 0.43 + 1.78 = 2.21 ஓம். 233-ஐ வகுத்தால் 105 ஆம்பியர். அவ்வளவுதான்.

சி வகை எம்சிபி உடனடியாக விழும் எல்லை 5 முதல் 10 மடங்கு. 16 ஆம்பியருக்கு 80 முதல் 160. அதாவது 160-க்கு மேல் போனால்தான் கண்டிப்பாக நொடியில் விழும். 105-ல் விழலாம், விழாமலும் போகலாம். விழாவிட்டால் உள்ளே இருக்கும் வெப்பப் பட்டை வளைகிற வரைக்கும் சில வினாடிகள் அந்தப் பொறி எரிந்துகொண்டே இருக்கும். ஆர்சிசிபி இங்கே உதவாது. போன கரண்ட் அப்படியே திரும்புவதால் அதற்குக் கசிவே தெரியாது.

நீளமான லைனில் இதுதான் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. விளக்கு மங்கினால் ஆள் கவனிப்பார், இதை யாரும் கவனிப்பதில்லை.

#20 கிணற்றடி

இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அப்படியானால் பி வகை எம்சிபி போட்டுவிடலாமா? அது 3 முதல் 5 மடங்கு என்று படித்தேன்.

#21 ரிலே

பி 16 என்றால் 48 முதல் 80. 105-ல் உறுதியாக விழும், அது நல்லது. ஆனால் கேபிளைத் தடிமனாக்கிய பிறகு மோட்டார் ஸ்டார்ட்டில் 44 ஆம்பியர் இழுக்கும், முதல் ஓரிரு அலைகளில் அதற்கும் மேலே தாவும். அப்போது எம்சிபி சும்மா விழ ஆரம்பிக்கும். பிறகு யாராவது "இது சரியில்லை" என்று 25 ஆம்பியர் போடுவார்கள். அந்த வழியில் போக வேண்டாம்.

கேபிளை மாற்றுங்கள், சி 16 அப்படியே இருக்கட்டும். 6 ஸ்கொயரில் ஷார்ட் கரண்ட் 199 ஆம்பியர். கம்பி 70 டிகிரிக்குச் சூடேறியிருந்தாலும் 175-க்குக் குறையாது, 160-ஐத் தாண்டிவிடுகிறது. உறுமலுக்கும் எம்சிபிக்கும் அதே கேபிள்தான் மருந்து. எர்த் கோரும் அதே தடிமனில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

#22 சிக்கனம்

பழைய 2.5-ஐ எடுக்காமல், பக்கத்திலேயே இன்னொரு 2.5 ஓட்டி இரண்டையும் இணையாகச் சேர்த்தால் 5 ஸ்கொயர் ஆகுமே?

#23 ரிலே

ஓம் கணக்குப்படி ஆகும். ஆனால் ஒரு முனை தளர்ந்தால் முழுச் சுமையும் மற்றதன் மேல் ஏறும், வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. ஷார்ட் கணக்கும் பழையபடி 105-க்கே திரும்பிவிடும். மெல்லிய கேபிள்களை இப்படி இணைப்பதைப் பல நாட்டு விதிகள் ஒப்புக்கொள்வதில்லை. ஒரே கேபிளாகப் போடுங்கள்.

#24 மின்கணக்கு

சப்ளை மூன்று பேஸாகக் கிடைத்தால் அதையும் யோசியுங்கள். அதே வாட், அதே தடிமன், அதே தூரம்: வீழ்ச்சி விழுக்காடு ஆறில் ஒரு பங்காகிவிடும். ஒவ்வொரு கம்பியிலும் கரண்ட் மூன்றில் ஒன்று. சுமை சமமாக இருப்பதால் நியூட்ரலில் திரும்பும் பங்கும் இல்லை. சிங்கிள் பேஸ்தான் என்றால், ஒரு பேஸ் வாங்கி மூன்று பேஸ் கொடுத்து, வேகத்தை மெல்ல ஏற்றும் விஎஃப்டி கருவியும், மூன்று பேஸ் மோட்டாரும் சேர்ந்து ஸ்டார்ட் இழுப்பை அடக்கிவிடும். ஆனால் இருக்கும் மோட்டாரைத் தூக்க வேண்டுமே.

#25 கிணற்றடி

6 ஸ்கொயர் என்று முடிவு செய்துவிட்டேன். அலுமினியம் போடலாமா என்று ஒரு கேள்வி. அப்புறம், 6 ஸ்கொயர் மோட்டார் ஸ்டார்டர் டெர்மினலில் நுழையுமா?

#26 டெஸ்டர்

அலுமினியத்துக்கு ஓம் 1.6 மடங்கு; 6 காப்பருக்கு ஈடாக 10 அலுமினியம் போட வேண்டும் (இரண்டுக்குமே கிலோமீட்டருக்கு 3.08). கேபிள் தப்பில்லை, முனைதான் தொல்லை. செம்பு டெர்மினலில் நேராகச் செருகினால் ஈரத்தில் அரிக்கும், தளரும், திரும்பவும் அந்தக் கறுத்த ஜாயின்ட் கதைதான். இரு உலோக லக்கும் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள முனை) ஒழுங்கான கிரிம்பிங்கும் இருந்தால் போடலாம். அந்தச் சின்ன ஸ்டார்டருக்கு அதெல்லாம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

செம்பு என்று சொல்லி விற்கும் செம்புப் பூச்சு அலுமினியமும் உண்டு. அதற்கும் ஓம் ஏறக்குறைய அதே 1.6 மடங்கு. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டெர்மினலில் நுழையவில்லை என்று நாலு இழையைக் கத்தரித்துச் செருகுவதை மட்டும் செய்ய விடாதீர்கள். ஸ்டார்டருக்குப் பக்கத்தில் ஒரு பாக்ஸ் வைத்து, அங்கே கனெக்டரில் 6-ஐ முடித்து, கடைசி ஒரு மீட்டருக்கு 2.5 போட்டால் போதும். ஒரு மீட்டர் 2.5-ல் போக-வர 0.17 வோல்ட், அது ஒரு பொருட்டே இல்லை.

#27 பட்டை_விளக்கு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 12 வோல்ட் எல்இடி பட்டைக்கும் இதே கணக்குதானா? 5 மீட்டர் பட்டை, மொத்தம் 72 வாட். அடாப்டர் 10 மீட்டர் தள்ளி, 1.5 ஸ்கொயர் கம்பி. ஒரு முனை வெள்ளையாகவும் மறுமுனை பழுப்பாகவும் எரிகிறது.

#28 மின்கணக்கு

அதே கணக்கு, இன்னும் கொடுமையாக. 72 வாட் 12 வோல்டில் 6 ஆம்பியர். 1.5 ஸ்கொயருக்குக் கிலோமீட்டருக்கு 12.1 ஓம், 20 மீட்டருக்கு 0.24 ஓம். பெருக்கினால் 1.45 வோல்ட். 230-ல் யாரும் திரும்பிப் பார்க்காத அளவு, 12-ல் அது 12 விழுக்காடு. பட்டைக்குள் இருக்கும் மெல்லிய செம்புத் தகட்டில் விழுவது தனி.

அதே பட்டையை 24 வோல்ட் வகையில் வாங்கினால் கரண்ட் பாதி, வீழ்ச்சி பாதி, விழுக்காடு கால்வாசி. வாங்கியாயிற்று என்றால் அடாப்டரைப் பட்டைக்கு அருகில் கொண்டுபோய், நீளத்தை 230 பக்கம் விடுங்கள். பட்டையின் இரண்டு முனையிலும் சப்ளை கொடுங்கள்; பழுப்பு போய்விடும்.

#29 பட்டை_விளக்கு

நன்றி சார். நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்கு கரண்ட் போகிறதே, 100 மீட்டர், அவ்வளவு மெல்லிய கம்பி. அது மட்டும் எப்படி?

#30 ரிலே

வீழ்ச்சியை ஒழிக்காமல், முதலிலேயே கணக்கில் எழுதிவிட்டார்கள். அனுப்புவது 12 வோல்ட் இல்லை, குறைந்தது 44. முதல் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறை) தரம் 2003-ல் வந்தது. அதில் சுவிட்ச் பக்கம் 15.4 வாட் கொடுக்கும், கேமரா பக்கம் 12.95 வாட்தான் உறுதி. நடுவில் 20 ஓம் வரை இருக்கலாம், 0.35 ஆம்பியர் ஓடலாம். அதன் வர்க்கம் பெருக்கல் 20, 2.45 வாட். 12.95-ஓடு கூட்டிப் பாருங்கள். செம்புப் பூச்சு அலுமினியக் கேபிள் மட்டும் போட்டுவிடாதீர்கள், அந்த 20 ஓம் எல்லை 100 மீட்டருக்கு முன்பே தாண்டிவிடக்கூடும். பகலில் ஓடும் கேமரா இரவில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து எழும்.